சுவரைத் தட்டிப் பார்க்கும் டீச்சர்

விரலை மடக்கிச் சுவரைத் தட்டுகிறார் பெரிய டீச்சர். ஓரிடத்தில் தட்டுவார், காதைக் கிட்டே கொண்டுபோவார், ஓர் எட்டு நகர்ந்து மறுபடி தட்டுவார். டொக்கென்று கேட்டால் ஒரு தலையாட்டல். பொத்தென்று கேட்டால் திரும்பி என்னை ஒரு பார்வை. "இங்க காரை விட்டுப்போச்சு தம்பி. இதுக்கு மேல அடிச்சீங்கன்னா பெயிண்டோட சேர்ந்து சுவரும் கையில வந்துடும்." எந்த டாக்டரும் என் நெஞ்சை இத்தனை அக்கறையாகத் தட்டிப் பார்த்ததில்லை.

சந்தைக்குப் பின்னால் இருக்கிற அரசாங்கத் தொடக்கப்பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. நான் பெயிண்டர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் என் வயதுக்காரர்களில் என்னைப் போல இன்னமும் பள்ளிக்கூடம் போய் வருகிறவன் எவனும் கிடையாது. ஆட்சி மாறினால் யார் யாருக்கு என்ன கிடைக்கிறதோ தெரியாது, எனக்கு ஒரு சுவர் கிடைத்துவிடும். மந்திரி மாறினாலும் கிடைக்கும். இரண்டும் மாறாமல் அதிகாரி மட்டும் மாறினால் அரைச் சுவர்.

போன ஆட்சியில் திட்டத்தின் பெயர் 'மலர்ச்சி'. சுவரெல்லாம் நீலம். பிள்ளைகளை மொட்டு, மலர், கனி என்று பிரித்தார்கள். சரியாகப் படிக்காதவன் மொட்டு, நன்றாகப் படிக்கிறவன் கனி. இந்த ஆட்சியில் 'சிறகு'. சுவரெல்லாம் மஞ்சள். பிள்ளைகள் முட்டை, குஞ்சு, பறவை. நடுவில் ஒரு சின்ன இடைவெளியில் 'ஏணி' என்று ஒன்று வந்தது. அதற்கு முதல் கோட்டு அடித்துக் காய்வதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பெரிய டீச்சர் என்னிடம் எப்போதும் சொல்வது ஒன்றுதான். "ரொம்ப சுரண்டாதீங்க தம்பி. லேசா உப்புத்தாள் போட்டு மேலயே அடிச்சுடுங்க. பேரை மாத்திக்கிட்டு இதுவே திரும்பி வரும்."

ஆள் குள்ளம். நடையில் மட்டும் ஓர் ஆறடி ஆளின் வேகம். செருப்பு எப்போதும் வலது பக்கமாகத் தேய்ந்திருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் சுற்றியிருக்கிறார், மாற்ற நேரமில்லை என்பார். கையில் இரண்டு செல்போன். ஒன்று அவருடையது, அது பையில் தூங்கும். மற்றது பள்ளிக்கூடத்துடையது, அது தூங்கவே தூங்காது. பிள்ளைகள் வந்ததைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். சாப்பிட்டதை ஏற்ற வேண்டும். கழிப்பறையை ஏற்ற வேண்டும். புதுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருப்பதையும் ஏற்ற வேண்டுமாம். சிக்னல் கிடைப்பது தண்ணீர்த்தொட்டிப் படியில் மட்டும்தான். அங்கே ஏறி நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் டீச்சர் மழைக்கு வேண்டிக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். கீழே மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் சந்தையை உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

மூன்று வகுப்பு ஒரே அறையில் இருப்பதற்குக் காரணம் சின்ன டீச்சர் இல்லாததுதான். இந்தப் பள்ளிக்கு இரண்டே டீச்சர்கள். சின்னவருக்கு வயது குறைவு, குரல் நன்றாக இருக்கும், கதை சொன்னால் நானே பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அதனாலேயே எல்லாப் பயிற்சிக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். மலர்ச்சிக்குப் பயிற்சி, சிறகுக்குப் பயிற்சி, மலர்ச்சியை மறப்பதற்கு ஒரு பயிற்சி. நடுவில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பு. "எங்க ஸ்கூல்ல ரெண்டு டீச்சர். ஒண்ணு பயிற்சியில இருக்கும், இன்னொண்ணு தொட்டி மேல இருக்கும்" என்று பெரிய டீச்சரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு உதட்டைத் தாண்டி மேலே போகாது.

சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நிற்பார். கடைத்தெருவில் தையல்காரர். ஹாரன் அடிக்க மாட்டார், இருமுவார். இருமி இருமிப் பார்த்துவிட்டு ஒருநாள் உள்ளேயே வந்துவிட்டார். "உங்க ஆபீஸ்ல சொல்லி நம்ம வீட்டுக்கும் ஒரு சுற்றறிக்கை போடச் சொல்லு. 'இன்று இரவு உணவு வீட்டில் உண்ண வேண்டும்'னு. அப்பத்தான் நீ வருவே." டீச்சர் தலை நிமிரவில்லை. "போட்டா நீங்க சாப்பிடறதை நான் போட்டோ எடுத்து ஏத்தணும். பரவாயில்லையா?" மனுஷன் வாசலுக்குத் திரும்பிப்போய் இருமலைத் தொடர்ந்தார்.

'சிறகு' வந்த புதிதில் சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். தோளில் சாக்குத் தூசி. அவர் மகள் மூன்றாம் வகுப்பு. இரட்டைச் சடை போட்ட வாயாடி, நான் 'ரெட்டைச்சடை' என்றுதான் கூப்பிடுவேன்.

"எம் பொண்ணைப் பார்த்து முட்டைன்னு சொன்னீங்களாமே டீச்சர்?"

"நான் சொல்லலைங்க. திட்டத்துல அப்படித்தான் வெச்சிருக்காங்க. முட்டையிலருந்து குஞ்சு, குஞ்சுலருந்து பறவை. மேல இருந்து வந்தது."

"மேலன்னா யாரு? கோழியா?"

பெரிய டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மெதுவாகத்தான் சொன்னார். "முட்டைன்னா சும்மா விட மாட்டோம்னு அர்த்தம். அடைகாக்கணும்னு அர்த்தம். போதுமா?" அவர் போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டார். அது இந்தக் கதையில் முக்கியமானது. "பள்ளிக்கூடத்தை மூடப்போறதா சந்தையில பேசிக்கிறாங்களே. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேர்த்துடுவாங்கன்னு. லாரி போற ரோடு டீச்சர் அது. நான் விடியறதுக்கு முன்னாடி மூட்டைக்குப் போயிடறேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் கிடையாது. அப்படி நடந்தா இவ வீட்டுலயே கிடக்க வேண்டியதுதான்."

"நடக்காது, போங்க" என்றார் டீச்சர்.

அது புரளி இல்லை. படிப்பில் பின்தங்கிய சின்னப் பள்ளிகளைப் பெரிய பள்ளிகளோடு இணைப்பது என்று மேலே முடிவெடுத்திருந்தார்கள். பின்தங்கியது எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு பாடம் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். அதிகாரி வருவார். குச்சியைப் பிள்ளை கையில் கொடுப்பார். பிள்ளை சுவரைப் பார்த்து வாசித்தால் போனில் பச்சை டிக். தடுமாறினால் சிவப்பு. சந்தைப் பள்ளியில் எல்லாம் பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை. அந்த வட்டாரத்திலேயே இதுதான் முதல் என்று அதிகாரி எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தைக்குப் பின்னால், ஓர் ஆளும் பாதி ஆளுமாக நடத்துகிற பள்ளி முதலிடம் வந்தால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? பெருமை மந்திரி காதுவரை போய்விட்டது. சிறகு திட்டத்தை இங்கேயே வந்து தொடங்கி வைக்கிறேன் என்று மந்திரி சொல்லிவிட்டார்.

தேதி முதலில் அடுத்த மாதம் என்றார்கள். அப்புறம் திடீரென்று ஒருநாள் காலையில் அதிகாரி வியர்த்து விறுவிறுத்து வந்தார். நல்ல மனிதர்தான். கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்தே பாதி ஆள் ஆகிவிட்டவர். "நாளைக்கே வர்றாராம் டீச்சர். பழைய பாடம் சுவத்துல இருக்கக் கூடாது. அது போன ஆட்சியில போட்டது. புதுப் பாடம் எழுதி, சாயங்காலத்துக்குள்ள போட்டோ ஏத்தணும். என்னை மேல கேக்கறாங்க. நான் உங்களைத்தான் கேக்க முடியும்."

கூடவே கட்சிக்காரர் ஒருவர். அந்தப் பகுதியில் எல்லாருக்கும் அவர் 'மைக்'தான். மைக் இல்லாமலேயே மைக்கில் பேசுகிற தொண்டை. அவர் மச்சான் ஒரு தனியார் பள்ளி நடத்துகிறார்.

"அக்கா, நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். நம்ம மச்சான் ஸ்கூல்ல இருந்து நாலஞ்சு பிள்ளைங்களை அனுப்பறேன். உங்க யூனிபார்ம் போட்டு முன்வரிசையில உக்கார வைங்க. கிளி மாதிரி படிக்கும். மந்திரி முன்னாடி எதுவும் சொதப்பக் கூடாது."

"எங்க பிள்ளைங்க இருக்காங்களே சார்."

"இருக்கட்டும், பின்னாடி உக்காரட்டும். யாரு வேண்டாங்கறா?"

"அவங்க இடத்துல அடுத்த வீட்டுப் பிள்ளை உக்காந்தா, பின்னாடி உக்காந்திருக்கற பிள்ளை என்ன நினைக்கும்?"

மைக் சிரிப்பதை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நாளைக்கு ஏதாவது தப்பா நடந்தா, இணைக்கிற பள்ளிக்கூடத்துல முதல் பேரு இதுதான். உங்களுக்கும் ரிட்டயராக இன்னும் நாள் இருக்கு. எங்கயாவது தண்ணி கிடைக்காத ஊர்ல போய்த் தொட்டி மேல நிக்க வேண்டி வரும். யோசிச்சுக்கங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ என்னய்யா பார்க்கறே? பெயிண்டைக் கலக்கு."

கலக்கினேன்.

மூன்றாம் வகுப்புச் சுவரில் இருந்த பாடத்தை எழுதியவனும் நான்தான். 'ஆற்றங்கரையில் ஒரு மரம் இருந்தது. மரத்தில் ஒரு குருவி கூடு கட்டியது. மழை வந்தது. காற்று வந்தது. குருவி நனையவில்லை.' பக்கத்தில் ஒரு குருவி. காக்கா மாதிரி இருக்கிறது என்று எல்லாப் பிள்ளையும் சொல்லும். உப்புத்தாள் போட்டு, ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி பார்த்து, மேலே வெள்ளை அடித்தேன். மரம் போயிற்று, குருவி போயிற்று, மழையும் போயிற்று. பிள்ளைகளையெல்லாம் மரத்தடிக்கு ஓட்டிவிட்டிருந்தார்கள். நான் ஏணியைவிட்டு இறங்கி மூலையில் பிரஷ் அலசிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போன ரெட்டைச்சடை அதை எடுக்க வந்தது. வந்தது போகவில்லை. நான் பெயிண்ட் கலக்கும் குச்சியை எடுத்துக்கொண்டது. வெள்ளைச் சுவரின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றது. டீச்சர் விளையாட்டு.

"ஆற்றங்கரையில் ஒரு மரம் இருந்தது."

குச்சி வெறும் சுவரில் இடமிருந்து வலமாகப் போயிற்று. வரி முடிகிற இடத்தில் சரியாக நின்றது. இறங்கி அடுத்த வரிக்கு வந்தது. "மழை வந்தது" என்கிற இடத்தில் முன்பு சுவரில் ஒரு விரிசல் இருந்ததால் நான் கொஞ்சம் இடம் விட்டு எழுதியிருந்தேன். குச்சி அந்த இடத்தைத் தாண்டிக் குதித்தது. பட்டி பார்த்து நான் மூடிவிட்ட விரிசலை அந்தப் பிள்ளை தாண்டிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"ஏ புள்ளை, இங்க வா." என் சட்டைப்பையில் இருந்த மருந்துக்கடைச் சீட்டைக் காட்டினேன். பெரிய எழுத்தில் அச்சடித்த பெயரில் முதல் எழுத்து 'ம'. "இது என்ன எழுத்து?"

பார்த்தது. என்னைப் பார்த்தது. "இது எங்க பாடத்துல இல்லை" என்றது.

மரமும் மழையும் அந்தப் பாடத்தில்தான் இருந்தன.

தண்ணீர்த்தொட்டிப் படியில் நின்றுகொண்டிருந்த பெரிய டீச்சரிடம் போனேன். "டீச்சர், நான் வெள்ளை அடிச்ச சுவத்துல அந்தப் பொண்ணு குருவிப் பாடத்தை வாசிக்குது."

அவர் கையை இறக்கவில்லை. போன் இன்னும் வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. "தெரியும் தம்பி" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். படியிலேயே உட்கார்ந்தார். "இதுங்க ரெண்டாவது படிக்கறப்ப வருஷம் பூரா எங்களுக்குப் பயிற்சி. மூணாவது வந்ததும் கணக்கெடுப்பு. அந்தப் பொண்ணு உயிரெழுத்தை முடிக்கறதுக்குள்ள திட்டம் மாறிப்போச்சு. மறுபடியும் முதல்ல இருந்து பாட்டு, ஆட்டம், கை தட்டல். எழுத்து அப்புறம்னு சொல்லிட்டாங்க. அந்த அப்புறம் வரவே இல்லை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கணும்னா நேரம் வேணும். பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தணும்னா டிக் வேணும். நேரத்தை எங்கிட்டருந்து பிடுங்கிட்டாங்க. டிக் வாங்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்லை, தினமும் காலையில கூட்டமா நாலு தடவை சொல்ல வெச்சாப் போதும். மூடாம இருந்தா அடுத்த வருஷமாவது சொல்லிக் குடுக்கலாம்னு நினைச்சேன். அப்படியே ரெண்டு அடுத்த வருஷம் போயிடுச்சு."

"அப்ப நாளைக்கு?"

"புதுப் பாடத்தை எழுதுங்க" என்று எழுந்தார்.

எழுதினேன். 'எங்கள் பள்ளி புதிய பள்ளி. எங்கள் வகுப்பில் கணினி உண்டு. நாங்கள் உயரப் பறப்போம். நாளை நமதே.' கணினி ஒன்று உண்டுதான். அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை. நான் எழுத எழுத, மந்திரி வருகிறார் என்று பயிற்சியிலிருந்து வரவழைத்த சின்ன டீச்சர் மரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் புதுப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. "குருவியை மறந்துடுங்க. என்ன?" "மறந்துட்டோம் டீச்சர்!" "எங்கே, எல்லாரும் சொல்லுங்க பார்க்கலாம்." "எங்கள் பள்ளி புதிய பள்ளி. மழை வந்தது. காற்று வந்தது..." சின்ன டீச்சருக்கு அழுகை. சில பிள்ளைகளுக்குச் சிரிப்பு. பெரிய டீச்சர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் மைக் என்னையும் வரச்சொல்லியிருந்தார். எழுத்து கேமராவுக்குப் போதாது, இன்னும் தடிப்பாக வேண்டும் என்றார். அதன்மேலேயே எனாமலை ஒரு கோட்டு ஏற்றினேன். மழை மூட்டம், காயவில்லை. எவனாவது கைவைத்துத் தொலைத்தால் துடைக்க என்னைத் துணியும் கையுமாகக் கதவோரத்தில் நிறுத்தினார்கள். பெரிய டீச்சரோ சுவருக்கு முன்னால் பெஞ்சு ஒன்றைக் குறுக்கே போட்டு, பிள்ளைகள் யாரையும் கிட்டே விடவில்லை. "தொடாதீங்க, தொடாதீங்க" என்பதே அன்று காலை அவர் நடத்திய பாடம். மச்சான் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வேனில் வந்து இறங்கின. பெரிய டீச்சர் வாசலிலேயே நிறுத்தி, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, அதே வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். மைக் பார்த்துக்கொண்டே நின்றார். பல்லைக் கடித்தது கன்னத்தில் தெரிந்தது.

மந்திரி வந்தார். கூட்டம் முழுவதும் அறைக்குள் வந்தது. கேமராக்காரர்கள் பிள்ளைகளின் பைகளை மிதித்துக்கொண்டு நின்றார்கள். மந்திரி உயரமான மனிதர், களைத்த முகம், பேச்சு மென்மை. பாவம், அவர் அன்றைக்கு எத்தனை இடம் போக வேண்டுமோ. சுவரை வெறுமனே பார்த்துப் பேசிவிட்டுப் போவார் என்றுதான் அதிகாரி சொல்லியிருந்தார். ஆனால் மேசை மேலிருந்த குச்சியை மந்திரி எடுத்துவிட்டார்.

"யாரு படிக்கறீங்க?"

அதிகாரியின் கைக்குட்டை நெற்றியில் நின்றது. சின்ன டீச்சர் தரையைப் பார்த்தார். ஒரு பிள்ளையும் அசையவில்லை. பெரிய டீச்சர் வாயைத் திறப்பதற்குள் ரெட்டைச்சடை எழுந்துவிட்டது. பெஞ்சின் ஓரமாக நுழைந்து போய்க் குச்சியை வாங்கிக்கொண்டது.

மந்திரி அதன் தலையில் கைவைத்தார். கேமராப் பக்கம் திரும்பினார்.

"ஆற்றங்கரையில் ஒரு மரம் இருந்தது."

குச்சி 'எங்கள் பள்ளி புதிய பள்ளி'யின் மேல் அழகாகப் போயிற்று.

"மரத்தில் ஒரு குருவி கூடு கட்டியது." குச்சி கணினி மேல் போயிற்று. கணீரென்ற குரல். நிறுத்துமிடத்தில் நிறுத்தி, இழுக்குமிடத்தில் இழுத்து. "மழை வந்தது. காற்று வந்தது. குருவி நனையவில்லை."

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். கேமராக்கள் பளிச் பளிச்சென்று மின்னின. மந்திரி கைதட்டினார். மைக் அதைவிடப் பலமாகத் தட்டினார். "பிரமாதம், பிரமாதம்!" கூட்டமே தட்டியது. அத்தனை பேரில் ஒருவரும் சுவரைப் பார்க்கவில்லை. படிப்பைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் படிக்கிற பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மந்திரி சட்டைப்பையிலிருந்த தன் பேனாவை எடுத்து ரெட்டைச்சடைக்குக் கொடுத்தார். அதிகாரி பக்கம் திரும்பினார். "இணைப்பு கிணைப்புன்னு இந்த ஸ்கூல் பேரு எங்கயாவது இருந்தா எடுத்துடுங்க. இதை மூடறதாவது!" அதிகாரிக்கு உயிர் வந்தது. பெரிய டீச்சர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை தளர்ந்ததை நான் பார்த்தேன். பள்ளிக்கூடம் தப்பித்தது.

"யாரு இதுங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

சின்ன டீச்சரை யாரோ முன்னே தள்ளினார்கள்.

"இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டு இந்த ஒரு ரூம்ல உக்காந்திருந்தா எப்படிம்மா? எல்லா ஸ்கூலுக்கும் போய் நீங்க பயிற்சி குடுக்கணும். நாளையிலருந்தே. ஆர்டர் போட்டுடுங்க சார்."

மறுபடி கைதட்டல். சின்ன டீச்சர் பெரிய டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீரில் விழுந்தவர் கரையைப் பார்க்கிற பார்வை. சின்ன டீச்சர் போய்விட்டால் அந்தப் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? தொட்டி மேல் ஒருவர். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் இருக்கும், சுவர் இருக்கும், பச்சை டிக் இருக்கும். அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்காது.

பேசாமல் இருந்தால் போதும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். மந்திரி கிளம்ப ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் பெரிய டீச்சர்.

மந்திரி நின்றார்.

"இந்தப் பிள்ளை படிச்சது இந்தச் சுவத்துல இல்லைங்க."

அதிகாரி இடையில் விழுந்தார். "டீச்சருக்கு உடம்பு சரியில்லை சார், காலையிலருந்து..."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. சுவத்தைக் கொஞ்சம் பாருங்க சார்."

மந்திரி முதல்முறையாகச் சுவரைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது. கணினி வரைக்கும் வந்து நின்றது.

"அப்ப இவ என்ன படிச்சா?"

"பழைய பாடம் சார். மனப்பாடம். இதுல எந்தப் பிள்ளைக்கும் எழுத்து தெரியாது. வாங்கின டிக் அத்தனையும் இப்படி வாங்கினதுதான். நாந்தான் பண்ண வெச்சேன். அதிகாரிக்குத் தெரியாது. இவங்களுக்கும் பங்கு இல்லை." சின்ன டீச்சரைக் கையால் மறைத்தது போல நின்றார். "தப்பு என்னுது. என்ன வேணா செய்யுங்க. ஆனா இவங்களை அனுப்பாதீங்க. ஒரு வருஷம் இவங்களை இந்தப் பிள்ளைங்களோட சும்மா விட்டுடுங்க சார். புதுசா எதுவும் குடுக்காதீங்க. விட்டாப் போதும்."

கேமராவை இறக்குங்கள் என்று யாரோ அதட்டினார்கள். மந்திரி பெரிய டீச்சரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமா வேறேதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரியிடம் "ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். கூட்டம் பின்னாலேயே வடிந்தது. அதிகாரி கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கி, இறக்கிக்கொண்டு ஓடினார். மைக் கடைசியாகப் போனார். "அதுதான் தப்பிச்சிட்டீங்களேக்கா. தப்பிச்ச பிறகு எவனாவது கிணத்துல குதிப்பானா?" என்றார். திட்டிய மாதிரி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்ட மாதிரிதான் இருந்தது.

விளக்கம் கேட்டு டீச்சருக்குத் தாள் வந்தது. எழுதிக் கொடுத்திருக்கிறார். சின்ன டீச்சரை மாற்றுகிற உத்தரவு இதை நான் எழுதுகிறவரை வரவில்லை. இணைப்பு உத்தரவும் வரவில்லை. இரண்டும் வராது என்று சொல்ல நான் யார்? மூட்டை தூக்குகிற அந்தத் தகப்பன் தினமும் மத்தியானம் பள்ளிக்கூட வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அறையில் பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. மிதிபட்ட பைகளைக்கூட எடுக்கவில்லை. ரெட்டைச்சடை மட்டும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. மந்திரி பேனாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தது. உதடு பிதுங்கிக்கொண்டு வந்தது.

"நான் தப்பாப் படிச்சிட்டேனா டீச்சர்?"

பெரிய டீச்சர் பெஞ்சை இழுத்து ஓரமாகப் போட்டார். முட்டி வலிக்காரர், தரையில் உட்காரவே மாட்டார். அன்றைக்கு உட்கார்ந்தார். பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். நான் துணியோடு ஓர் அடி முன்னால் வந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. ஈரம் காயாத முதல் எழுத்தின் மேல் அந்த விரலை வைத்து, அழுத்தி, வளைவு வளைவாக மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.